மார்லிஸ் திருப்பி அனுப்பிய மானிட்டர்கள்

எங்கள் டுலூத் நகரத்தில் நீங்கள் ஏறி இறங்கிய இரும்புப் படிக்கட்டுகளில் பாதியாவது மார்லிஸ் ஹாப்பலாவின் கண்ணைத் தாண்டித்தான் வந்திருக்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, துறைமுகத்துக் கிடங்கு, எதுவானாலும் சரி. படி எத்தனை அங்குல உயரம், கைப்பிடிக் கம்பி எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்று வரைந்து இரும்புப் பட்டறைக்கு அனுப்புகிற வேலை ஸுபான்சிச் அலுவலகத்துடையது. அங்கே வரைகிறவர்கள் ஐந்து பேர். வரைந்ததைச் சரிபார்க்கிறவள் மார்லிஸ் ஒருத்திதான்.

படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, மஞ்சள் பேனாவும் சிவப்புப் பேனாவுமாக உட்காருவாள். சரியாக இருக்கிற ஒவ்வொரு எண்ணின் மேலும் மஞ்சள் கோடு. தப்பு என்றால் சிவப்பு. தாளின் மூலையில் எம்.ஹெச். என்று போட்டுத் தேதி எழுதிவிட்டால், பட்டறைக்காரன் மறுகேள்வி கேட்காமல் இரும்பை வெட்டுவான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை நாற்பத்தோரு வருஷமாகச் செய்தவள். கம்ப்யூட்டர் புதிதாக வந்தபோது மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டு, நாலாவது வாரம் கற்றுக்கொடுத்தவனின் படத்திலேயே தப்பு கண்டுபிடித்தாள். அவன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் காபி குடிக்கக்கூட வரவில்லை.

வயது அறுபத்தொன்று. புருஷன் வெர்ன் போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. ஞாயிறு தேவாலயம், கோடையில் கொஞ்சம் தோட்டம், மற்றபடி வேலைதான். அந்த வேலை கண்ணை நம்பி இருந்தது. இது அவளுக்கும் தெரியும், அதனால்தான் அவள் கண் டாக்டரிடம் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களே என்று பயம். இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அவள் அம்மா ஹெல்மிக்கு எழுபது தாண்டியதும் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. கடைசி வருஷங்களில் யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல், அவர்கள் காதுப் பக்கமாகப் பார்த்துத்தான் பேசுவாள்.

மார்ச் மாதம் ஐந்தாம் தேதி முதலாளி டென்னி அவள் மேஜைக்கு வந்தான். இவன் பெரியவர் ஸுபான்சிச்சின் மகன். பல் விழுந்த வாயோடு இந்த அலுவலகத்தில் ஓடி விளையாடியதைப் பார்த்தவள் மார்லிஸ்.

“ஆறு பேருக்கும் ஒரே மாதிரி பெரிய மானிட்டர் வாங்கப்போறேன் மார்லிஸ். எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கு அதெல்லாம் என்ன தெரியும் டென்னி? கோரினைக் கேளு.”

“கேட்டேன். உங்களைக் கேக்கச் சொன்னா. உங்க கண்ணுக்குப் பிடிச்சா வேற யாரும் குறை சொல்ல மாட்டாங்க.”

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு குளிராது. அதுவரை எல்லார் மேஜையிலும் சின்ன மானிட்டர் இரண்டிரண்டு ஒட்டி வைத்திருந்தது. நடுவில் இரண்டின் கறுப்புச் சட்டமும் சேர்ந்து இரண்டு விரல் அகலத்துக்கு நிற்கும். நீளமான கைப்பிடி எதை வரைந்தாலும் அந்த இடத்தில் அறுந்துபோய், அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். வருஷக்கணக்காக அவள் திரையில் ஒரு நீளக் கோட்டை முழுதாகப் பார்த்ததே இல்லை. வளைந்த அகல மானிட்டர் ஒன்று போதும், இரண்டு வேண்டாம் என்பதுதான் டென்னியின் கணக்கு.

அன்று மத்தியானமே, அவள் பார்த்துச் சொல்வதற்காக முதல் மானிட்டர் வந்தது. முப்பத்து நாலு அங்குலம், வளைவு எண் ஆயிரம். அந்த எண் குறையக் குறைய வளைவு கூடும். ஆயிரம் என்றால் எதிரே உட்காருகிறவளைக் கட்டிப்பிடிக்க வருகிற மாதிரி இருந்தது. மார்லிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சரிவுப் பாதைக்கான கைப்பிடிப் படத்தைத் திறந்தாள். நாற்பது அடி நேர்க் கம்பி. அது நட்ட நடுவில் துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்திருந்தது.

எதிர் மேஜைக் கோரின் மாட்டிலாவைக் கூப்பிட்டாள். இருபத்தாறு வருஷமாக எதிரெதிரே உட்காருகிறவர்கள்.

“கோரின், செத்த இங்க வந்து பாரு. இந்தக் கம்பி உனக்கு நேராத் தெரியுதா?”

கோரின் காபிக் கோப்பையோடு வந்தாள். திரையைப் பார்த்தாள், மார்லிஸைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

“வளைஞ்ச மானிட்டராச்சே. பழகணும்போல.”

“அதைக் கேக்கல. நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?”

“எனக்கொண்ணும் மோசமாத் தெரியல. ஆனா நீ சொன்னா ஏதாவது இருக்கும்.”

எங்கள் ஊரில் இதற்குப் பெயர் பதில். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மார்லிஸும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டாந்தரம் கேட்டால் நச்சரிப்பு ஆகிவிடும்.

அவள் சும்மா இருப்பவளா. மேஜை இழுப்பறையிலிருந்து மெல்லிய எஃகு அளவுகோலை எடுத்துத் திரையில் கம்பியின் மேல் வைத்துப் பார்த்தாள். அளவுகோலும் வளைந்து தெரிந்தது. கண்ணாடி வளைந்திருக்கிறது, தகடு அதோடு சேர்ந்து வளைகிறது, சரிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாற்பத்தோரு வருஷம் எஃகைக் கையில் வைத்துப் புழங்கியவள், அந்தத் தகடு அவ்வளவு லேசில் வளையாது என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனாள். மறந்தாளோ, மறக்க விரும்பினாளோ, அதை இன்றைக்கு யார் சொல்வது.

பன்னிரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். நாற்காலியைத் தள்ளிப்போட்டாள், கிட்டப்போட்டாள். ஜன்னல் திரையை இழுத்தாள். காகிதத்தில் எடுத்த அச்சிலும் கோடுகள் சில சமயம் நெளிந்தன. நாள் முழுக்க அந்த வளைவையே வெறித்தால் காகிதமும் நெளியத்தான் செய்யும் என்று அதற்கும் ஒரு சப்பைக்கட்டு. கடைசியில் டென்னியிடம் போனாள்.

“இது ரொம்ப வளைவு டென்னி. கோடு எல்லாம் தொய்யுது. இதை வாங்கிட்டா அஞ்சு வருஷம் எல்லாரும் என்னைத் திட்டுவாங்க.”

டென்னி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தபடி இருந்தான். “சரி. திருப்பிடலாம். கடைக்காரன் முப்பது நாள் குடுத்திருக்கான்.”

“உனக்கு அலைச்சல்.”

“அலைச்சல் எல்லாம் ஒண்ணுமில்ல.”

இரண்டாவதாக வந்தது வளைவு எண் ஆயிரத்து எண்ணூறு. பார்த்தால் வளைவு இருக்கிறதா என்று சந்தேகம் வரும், அவ்வளவு லேசு. மார்லிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக் கைப்பிடியைத் திறந்தாள். கம்பி தொய்ந்திருந்தது. முன்னைவிட அதிகமாகவே.

வளைவு குறைந்தால் தொய்வும் குறைய வேண்டாமா? சட்டென்று அம்மாவின் முகம் வந்தது. எதிரே இருப்பவரின் காதோடு பேசுகிற அந்த முகம். அதை அப்படியே தள்ளிவிட்டு, இது வேறு கம்பெனி, மட்டமான தயாரிப்பு என்று முடிவு கட்டினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் கூடம் கோணல் இல்லை என்று ஆகிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? அந்தப் பயத்தில் கிடந்தவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

அலுவலகத்தில் எல்லாரும் அவளிடம் அளவுக்கு மீறி நல்லவர்களாகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் யாராவது எலுமிச்சைக் கேக் செய்து கொண்டுவந்து, மொறுமொறுப்பான ஓரத் துண்டை அவளுக்கென்று எடுத்துவைத்தார்கள். அவள் வண்டியின் பனியை யாரோ சுரண்டி விட்டிருந்தார்கள். நாலரைக்கெல்லாம் கிளம்புகிற கோரின் ஆறு மணி வரை இருந்தாள். கேட்டால், வீட்டுக்குப் போய் மட்டும் என்ன செய்யப்போகிறேன் என்றாள். மார்லிஸ் நன்றி சொன்னாள், கேக்கைத் தின்றாள். உள்ளுக்குள் மட்டும் என்னை வேலையிலிருந்து அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். ஏப்ரல் முதல் வாரம் டென்னி வேறு வந்து பேச்சுக்கொடுத்தான்.

“இந்தக் கோடையில ஏரிக்கரை வீட்டுக்குப் போய் ஒரு மாசம் நிம்மதியா இருக்கலாமே மார்லிஸ். நீங்க லீவே எடுக்கறதில்ல.”

“ஒரு மாசமா? யாரு படத்தைப் பாக்கறது?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.”

அந்த ஒரு வார்த்தை அவளை உலுக்கிப்போட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஏரியோரத்து விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே ஓட்டினாள். கம்பங்கள் இடுப்பில் ஒடிந்து ஒடிந்து வந்தன. வண்டிக் கண்ணாடியில் ஏதோ கோளாறு, வசந்தம் வந்ததும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் இரண்டாவது மானிட்டரும் கடைக்குத் திரும்பியது. இந்த முறை அவளே கேட்டாள்: “வளைவே வேண்டாம் டென்னி. தட்டையா, அகலமா ஒண்ணு வரவழை. அதையும் பாத்துட்டு ஒரே முடிவா சொல்லிடறேன்.” தட்டையான திரையில் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. அது தெரிந்துதான் கேட்டாள். அதற்குமேல் அந்தப் பயத்தைத் தாங்க அவளால் முடியவில்லை.

அது வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. ஏப்ரல் பதினைந்து, செவ்வாய்க்கிழமை. எல்லாரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தாள். திரை மேஜைப் பலகை மாதிரி தட்டையாக இருந்தது. இந்த முறை கைப்பிடிப் படத்தைத் திறக்கவில்லை. வெறும் கட்டம் ஒன்று வரைந்தாள்: நெடுக இருபது கோடு, குறுக்கே இருபது கோடு. எல்லாம் கம்ப்யூட்டர் போட்ட கோடு, தப்பாக இருக்க வழியே இல்லை.

வலது கண்ணைக் கையால் பொத்தினாள். கட்டம் நேராக இருந்தது. ஜன்னல் கம்பி மாதிரி, ஒரு குறை இல்லை.

இடது கண்ணைப் பொத்தினாள். நடுவில் இருந்த கோடுகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெளிந்தன. நெளிவின் நடுவே நாலைந்து கட்டங்களைக் காணவே இல்லை. ஈரக்கை பட்ட மாதிரி ஒரு சாம்பல் கறை அங்கே நின்றது. கண்ணை அசைத்தால் கறையும் அசைந்தது.

கறையைப் பார்க்கிற பயத்தில் கையை எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் கட்டத்தை அழித்துவிட்டாள்.

“புதுசு எப்படி இருக்கு?” என்றாள் கோரின்.

“பரவால்ல,” என்றாள் மார்லிஸ்.

மறுநாள் காலை வீட்டிலிருந்தே கண் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். அடுத்த மாதம் ஏதாவது தேதி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். போனை எடுத்த பெண் நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்று கேட்டதும் அவள் குரலே மாறிவிட்டது. “இன்னிக்கே வாங்க. பத்து மணிக்கு. நீங்க வண்டி ஓட்டிட்டு வராதீங்க.” போனை வைத்ததும் மார்லிஸ் கோரினைக் கூப்பிட்டாள். கோரின் என்ன ஏது என்று கேட்காமல் கால் மணி நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். கேட்காமல் வந்தாளே என்று அப்போது மார்லிஸுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

டாக்டர் நாற்பது வயதுப் பெண். படம் எடுத்து, அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

“இங்க பாருங்க. விழித்திரைக்கு அடியில ரத்தக்குழாய் கசிஞ்சிருக்கு. கசிஞ்ச இடத்துல தழும்பு விழுந்துடுச்சு. இது வலது கண்ணு. இடது கண்ணுல இப்போதைக்கு ஒண்ணும் இல்ல.”

“எங்கம்மாவுக்கு இருந்தது. அது மாதிரியா?”

“அந்தக் காலத்துல ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப ஊசி இருக்கு. இன்னிக்கு ஒண்ணு போட்டுடலாம், அப்புறம் மாசா மாசம்.” டாக்டர் பேனாவை எடுத்தாள். “முதல்ல எப்ப தெரிஞ்சுது?”

மார்லிஸ் தேதி தவறாதவள். “மார்ச் அஞ்சு.”

டாக்டரின் பேனா நின்றது. “இன்னிக்கு ஏப்ரல் பதினாறு.”

“மானிட்டரால வருதுன்னு நெனச்சேன். வளைஞ்ச மானிட்டர். ரெண்டைத் திருப்பி அனுப்பினோம்.”

டாக்டர் சிரிக்கவில்லை. அதுவே மார்லிஸுக்குப் பயமாக இருந்தது.

“டாக்டர், நான் உடனே வந்திருந்தா?”

“முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம். தழும்பு விழுந்த இடம் திரும்ப வராது. மிச்சம் இருக்கறதைப் பிடிச்சு நிறுத்தப் பாக்கலாம். பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல.”

மார்லிஸ் அவளுக்கு நன்றி சொன்னாள். ஊசி வலிக்கவில்லை. கண்ணுக்குள் ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது, அதை நான் எழுதப்போவதில்லை.

திரும்பும்போது வலது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. கோரின் மெதுவாக ஓட்டினாள். மலையிறக்கத்தில் சாலையோரப் பனி கறுத்து உருகி ஓடிக்கொண்டிருந்தது. மார்லிஸின் மனசை அரித்தது வேறு ஒன்று. இந்த ஆறு வாரத்தில் எத்தனை தாள்களின் மூலையில் எம்.ஹெச். என்று போட்டிருக்கிறாள். எத்தனை படிக்கட்டுக்கு இரும்பு வெட்டியாகிவிட்டதோ.

“கோரின், நான் ஒண்ணு சொல்லணும். டென்னிகிட்டயும் சொல்லிடு. மார்ச் அஞ்சாம் தேதிக்கு அப்புறம் நான் மஞ்சள் போட்ட படம் எதையும் நம்பக்கூடாது. பட்டறைக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லணும். யாராவது முதல்லேர்ந்து பாக்கணும்.”

ஒரு தெரு கடந்தது.

“கேட்டியா?”

“அதெல்லாம் பாத்தாச்சு மார்லிஸ். நீ கவலைப்படாத.”

“யாரு பாத்தா?”

“நான்தான். நீ கிளம்பினதும் ஆறு மணி வரைக்கும் உக்காந்து பாத்துடுவேன். ஒண்ணு ரெண்டுதான் இருந்தது. எட்டை மூணுன்னு விட்டிருந்த. திருத்தித்தான் பட்டறைக்குப் போச்சு.”

மார்லிஸுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. யாரும் எங்கும் விழவில்லை, எந்தக் கம்பியும் கோணலாகப் போகவில்லை. அந்த நிம்மதி முழுசாக இறங்குவதற்குள் அடுத்தது வந்தது.

“எப்பலேர்ந்து பாக்கற?”

“மார்ச் பத்துலேர்ந்து.”

மார்லிஸ் விரலை மடக்கவில்லை. கணக்கு அவளுக்குத் தெரியும். கோடு முதலில் தொய்ந்து ஐந்தே நாள்.

“டென்னிக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கவலைப்பட்டோம். யாரு சொல்றதுன்னுதான்…” கோரின் சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? நாப்பது வருஷமா நீ எங்களைத் திருத்தினவ. உன் மனசு நோகுமேன்னு. நீயா கண்டுபிடிச்சுப்பன்னு இருந்தோம்.”

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. மார்லிஸ் தனக்கு மிச்சமிருந்த கண்ணால் கோரினை நேராகப் பார்த்தாள். கோபம் வந்தது. தன் மேலும் வந்தது. அவளும்தான் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, வாழ்நாளில் பழக்கமில்லாதது. அதனால் வழக்கமான அதே மெல்லிய குரலில்தான் சொன்னாள்.

“அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கோரின், எனக்கு இந்தக் கண்ணு இருந்திருக்கும்.”

கோரின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. விளக்கு பச்சைக்கு மாறியது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. பச்சை போய் மஞ்சள் வந்தது, மஞ்சள் போய் மறுபடி சிவப்பு வந்தது. பின்னால் நாலு வண்டிகள் நின்றிருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.